கொல்லைப் பக்கமா வா

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. இந்தப் பையை நான் மடியில வெச்சுக்கிறேன். முறுக்கும் அதிரசமும்தான், மகளுக்கு. நீங்க சிதம்பரமா? நான் அதுக்கு முன்னாடியே, கைகாட்டியில எறங்கிடுவேன்.

அதோ, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு. கட்டம் போட்ட கைலி, காலுக்கு நடுவுல ஒரு வெள்ளை ஆயில் கேனு. பாத்தீங்களா? விரலை நீட்டாதீங்க, திரும்பினாலும் திரும்புவான். அவன் பேரு சிங்காரம். என்கூடத்தான் வர்றான். முப்பது வருஷ சினேகிதம். பக்கத்துல எடம் காலியாத்தானே இருக்கு, நீ ஏன் இங்க வந்து உக்காந்தேன்னு கேக்குறீங்க. கேக்கலையா? உங்க மூஞ்சி கேக்குது. சொல்றேன். யாருகிட்டயாவது சொல்லணும்னு ஒரு வருஷமா கெடந்து தவிக்கிறேன். ஊர்ல வாயைத் தொறக்க முடியாது. உங்களை நான் திரும்பப் பாக்கப் போறதில்ல, அதான்.

எங்க ஊரு தரங்கம்பாடிக்குத் தெக்கே. துறைமுகம் கெடையாது, ஒண்ணும் கெடையாது, வெறும் கரைதான். ஐப்பசி பொறந்து வாடைக்காத்து திரும்பிருச்சுன்னா அலை போட்டை எறக்க விடாது. ரெண்டு மாசம் போட்டெல்லாம் சவுக்குத் தோப்போரம் ஏறிக்கும். போட்டு நனையலாம், ஃபைபர்தானே. பின்னாடி மாட்டுற மோட்டார் இருக்கு பாருங்க, அது நனையக் கூடாது. அதனால மோட்டாரைக் கழட்டி வீட்டுக்குள்ள கொண்டாந்துருவோம்.

கொண்டாந்து சும்மா மூலையில போட்டுட முடியாது தம்பி. வருஷம் பூரா உப்புத் தண்ணியில ஓடுனது. பெரிய ட்ரம்முல நல்ல தண்ணி ரொப்பி, அதுல மாட்டி ஓட விடணும். உள்ள இருக்குற உப்பு கரைஞ்சு வரணும். சிங்காரம் அந்தத் தண்ணியை விரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பாப்பான். இன்னும் கரிக்குதும்பான். ட்ரம்மைக் கவுத்துட்டு மறுபடி ரொப்பச் சொல்லுவான். அப்புறம் பெட்ரோல் டியூபைப் புடுங்கிட்டு, உள்ள மிச்சம் இருக்குறது தீர்ற வரைக்கும் ஓடி அதுவா அணையணும். நாம அணைச்சா கார்பரேட்டர்ல பெட்ரோல் தங்கிப் பிசினாட்டம் ஆயிடும். அடியில கியர் ஆயிலை எறக்கிப் பாக்கணும். பால் ஊத்துன மாதிரி வெளுத்திருந்தா தண்ணி பூந்திருக்குன்னு அர்த்தம். ப்ளக்கைக் கழட்டி அந்த ஓட்டையில ஆயில் விட்டு, ஸ்டார்ட் பண்ற கயித்தை மெதுவா இழுத்து, துணி சுத்தி நிக்க வெக்கணும். படுக்க வெச்சா எங்கயோ தங்குன தண்ணி தலைக்கு எறங்கிரும். அம்புட்டுதான், மோட்டார் போச்சு.

இதெல்லாம் சிங்காரம் செய்யிறது. நான் தண்ணி சொமப்பேன். நெசத்துல தண்ணி சொமக்குறது என் சம்சாரம் தவமணி, நான் பக்கத்துல நிப்பேன். அவன் அதோட விடவும் மாட்டான். பத்து நாளைக்கு ஒருக்கா வந்து துணியைப் பிரிச்சு, ப்ளக்கைக் கழட்டி, ஒரு சொட்டு ஆயில் விட்டு, கயித்தை ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் போவான். இல்லன்னா உள்ளயே துரு புடிச்சு ஒட்டிக்குமாம். மழையா இருந்தாலும் வந்துருவான்.

வந்துருவான்னா, எங்க வர்றான்? நம்ம வீட்டுக்கு. சுனாமிக்கு அப்புறம் எல்லாருக்கும் கட்டிக் குடுத்த வீடுதான், ஆனா எங்க தெருவுல ஒழுகாத வீடு நம்மளுது ஒண்ணுதான். அதனால அவன் மோட்டாரும் நம்ம வீட்டுல, கேரளாவுக்கு வேலைக்குப் போயிட்ட மாயவன் மோட்டாரும் நம்ம வீட்டுல. என்னோடது ஒண்ணு. மூணும் கூடத்துல வரிசையா நிக்கும், தவமணியோட பழைய புடவையைச் சுத்திக்கிட்டு. வருஷா வருஷம் நடக்குறதுதான்.

போன வருஷம் கார்த்திகையில என் மகளைப் பொண்ணு பாக்க வந்தாங்க. அபிநயா. ஒரே மக. மாப்பிள்ளை வீடு இந்தக் கைகாட்டிக்கு உள்ள, கடக்கரை. பெரிய குடும்பம். நமக்கு எட்டாத எடம், தரகர் எப்படியோ பேசிக் கொண்டாந்துட்டாரு. மொத நாளே தவமணி சொன்னா, 'இந்த மோட்டாரையெல்லாம் அடுப்படிக்கு நகத்துங்க, வர்றவங்க உக்கார எடம் வேணும், ஆயில் நாத்தம் வேற'ன்னு. நான்தான், 'அதெல்லாம் நகத்தக் கூடாது, சிங்காரம் நிக்க வெச்ச எடத்துல நிக்கட்டும்'னேன். அப்ப என் மனசுல வேற எதுவும் இல்ல தம்பி. சத்தியமா இல்ல. இருந்துச்சா இல்லையான்னு எனக்கே இப்ப தெரியல. காலையில எந்திரிச்சு அந்தப் பழம்புடவையை அவுத்துட்டு நல்ல புடவையாச் சுத்துனேன். அது ஏன் சுத்துனேன்?

வந்தாங்க. பத்துப் பேரு. மாப்பிள்ளைக்கு அப்பா அரங்கநாதன், நல்ல உயரம், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை. உக்காந்ததும் பொண்ணைப் பாக்கல, மோட்டாரைப் பாத்தாரு. 'மூணும் நம்மளுதா?'ன்னு கேட்டாரு.

நான் வாயைத் தொறந்து ஆமான்னு சொல்லல. அதை நீங்க குறிச்சுக்கணும். தலையைத்தான் ஆட்டுனேன். ஆட்டிட்டு பஜ்ஜித் தட்டை அவரு பக்கம் நகத்துனேன். அவரு மூஞ்சியே மாறிப்போச்சு. மூணு மோட்டார் வெச்சிருக்குற வீடுன்னா சும்மாவா? அதுவரைக்கும் நாற்காலி நுனியில உக்காந்திருந்தவரு நல்லா சாஞ்சு உக்காந்தாரு.

அப்பதான் வாசல்ல சிங்காரம். பத்தாம் நாளு. எனக்கு அது மறந்தே போச்சு. மழையில நனைஞ்சு, கைலியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு, ஒரு கையில ஆயில் பாட்டில், ஒரு கையில ப்ளக் ஸ்பேனரு. அவன் என்னை 'மச்சான்'னு கூப்புடுவான். வாயைத் தொறந்து அந்த 'ம' வர்றதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன்.

'டேய், கொல்லைப் பக்கமா வா'ன்னேன்.

முப்பது வருஷத்துல அவன் எங்க வீட்டுக் கொல்லையைப் பாத்ததில்ல தம்பி. நேரா வருவான், நேரா அடுப்படி வரைக்கும் போயி சட்டியைத் தொறந்து பாப்பான். அன்னைக்கு ஒரு நிமிஷம் நின்னான். உள்ள உக்காந்திருக்குறவங்களைப் பாத்தான், புடவை மாத்திச் சுத்துன மோட்டாரைப் பாத்தான், என்னைப் பாத்தான். புரிஞ்சுபோச்சு அவனுக்கு. செருப்பை அங்கயே விட்டுட்டு, மழையில வீட்டைச் சுத்திக்கிட்டு கொல்லை வழியா உள்ள வந்தான்.

வந்து மூணு மோட்டாரையும் ஒண்ணொண்ணாப் பிரிச்சான். என்னோடதை மொதல்ல செஞ்சான். அப்புறம் மாயவனோடது. அவனுதைக் கடைசியா. அரங்கநாதன் பாத்துக்கிட்டே இருந்தாரு. 'நல்ல கை இவனுக்கு'ன்னு என்கிட்ட சொல்லிட்டு, அவன்கிட்ட, 'எத்தனை வருஷமா இங்க இருக்க?'ன்னாரு. சிங்காரம் நிமிந்தே பாக்காம, 'அது ஆச்சுங்கய்யா, சின்ன வயசுலேருந்து'ன்னான். அப்புறம் அவரு சிங்காரத்தோட மோட்டாரை விரலால தட்டிப் பாத்துட்டு, 'இது ஒண்ணு கெழடு தட்டிப்போச்சு, தள்ளி விட்டுருங்க'ன்னாரு. அந்த மோட்டாரை அவன் பொஞ்சாதி பொன்னியோட தாலிக்கொடியை வித்து வாங்குனான். 'ஆகட்டுங்கய்யா'ன்னு அவன்தான் பதில் சொன்னான். நான் பஜ்ஜி சாப்புட்டுக்கிட்டிருந்தேன்.

அபி தட்டோட வந்துச்சு. அவனைச் சித்தப்பா சித்தப்பான்னு தோள்ல ஏறி வளந்த புள்ள. காப்பி எல்லாருக்கும் குடுத்துட்டு ஒரு டம்ளரோட அவன் பக்கம் திரும்புச்சு. நான் ஒரு பார்வை பாத்தேன். அது அப்படியே நின்னுருச்சு. அவனே எந்திரிச்சு வந்து டம்ளரை வாங்கிட்டுப் போயி, கொல்லையில நின்னு குடிச்சுட்டு, தானே கழுவிக் கவுத்து வெச்சுட்டுப் போயிட்டான். கழுவிக் கவுத்து வெச்சான் தம்பி. அவன் வீட்டுல அவன் அதைச் செஞ்சதில்ல.

பொண்ணு புடிச்சுப்போச்சு, எல்லாம் பேசி முடிச்சாச்சு. அவங்க போனதும் தவமணி நேரா மோட்டார்கிட்ட போனா. 'நான் யாருக்காகச் செஞ்சேன்?'னு நான் கத்துனேன். அவ பாட்டுக்கு அந்த நல்ல புடவையையெல்லாம் அவுத்து ஊற வெச்சா. ஆயில் கறை போகல.

சரி, சிங்காரம் சாயங்காலம் வந்து கன்னாபின்னான்னு திட்டுவான், நானும் ரெண்டு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு, சேந்து சிரிச்சுக்கலாம்னு காத்திருந்தேன். வரல. நானும் போகல. எனக்கும் ஒரு இது இருக்குல்ல? பத்து நாள் கழிச்சு வந்தான். எங்க வந்தான்னு நெனைக்கிறீங்க? கொல்லைப் பக்கமா. வீட்டுல யாரும் விருந்தாளி இல்ல, நானும் தவமணியும்தான். 'முன்னால வாடா'ன்னேன். 'காலெல்லாம் சேறு'ன்னான். அடுத்த பத்து நாள் கழிச்சும் கொல்லைதான். அன்னைக்கு நல்ல வெயிலு, சேறே இல்ல. அதுலேருந்து மச்சான்னும் கூப்புடறதில்ல, டேய்ன்னும் கூப்புடறதில்ல. பேச வேண்டியதைப் பேசுவான். என்னை எதுவுமே கூப்புடறதில்ல. இப்படி ஒரு மனுஷன் சண்டையும் போடாம இருந்தா நான் என்னதான் பண்றது, சொல்லுங்க? ஒரு அறை விட்டிருந்தா வாங்கிட்டுப் போயிருப்பேன்.

தை மாசம் கல்யாணம். பத்திரிகை வெக்க அவன் வீட்டுக்குப் போனேன். வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டான். பொன்னி உள்ளேருந்து எட்டிப் பாத்துச்சு, வெளிய வரல. அவன் என்னை வழியனுப்புறப்ப, ரொம்ப சாதாரணமா, மீன் என்ன வெலைன்னு கேக்குற மாதிரி கேட்டான். 'மண்டபத்துல நான் எங்க நிக்கணும்?'

அப்ப சொல்லியிருக்கலாம். என் பக்கத்துல நில்லுடா, தாரை வாத்துக் குடுக்குறப்ப என் பக்கத்துல நில்லுன்னு சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'பந்தியைப் பாத்துக்கடா'ன்னேன். பாத்துக்கிட்டான். ரெண்டு நேரமும் சாம்பார் வாளியைத் தூக்கிக்கிட்டு ஓடி ஓடிப் பாத்துக்கிட்டான். அபி தாலி கட்டிக்கிட்டு எல்லாரு காலுலயும் விழுந்து எந்திரிச்சு, தலையைத் தூக்கித் தூக்கித் தேடுச்சு. யாரைத் தேடுதுன்னு எனக்குத் தெரியும். அவன் அடுப்பாண்ட நின்னான்.

இதுல எனக்கும் நஷ்டம் இல்லாம இல்ல. நான் மட்டும் நல்லாருந்தேன்னு நெனைச்சுராதீங்க. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்குறப்ப சம்மந்தி போன்ல, 'மூணு நிக்குதே, ஒண்ணு மாப்பிள்ளைக்கு வந்துரட்டும்'னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. மூணுல எது என்னோடதுன்னு எனக்குத்தானே தெரியும். என்னோடதைக் குடுத்தேன். போட்டு இருக்கு, மோட்டார் இல்ல. இப்ப நான் சிங்காரம் போட்டுலதான் கடலுக்குப் போறேன், கூட ஆளா. கேட்டதும் சரின்னுட்டான். ஒரு நாள்கூட 'இதை எடு, அதை எடு'ன்னு அதட்டுனதில்ல. மீனை சமமாத்தான் பிரிக்கிறான். வலை கனமா இருந்தா அவனே வந்து என் பக்கமும் சேத்து இழுக்குறான். அதுதான் தம்பி, அதைத்தான் தாங்க முடியல.

சம்மந்திக்கு இதெல்லாம் தெரியாது. மீதி ரெண்டும் வீட்டுல இருக்கு, ஆள் வெச்சு ஓட்டுறேன்னு நெனைச்சுக்கிட்டிருக்காரு. போன வாரம் போன் பண்ணுனாரு. 'காத்து திரும்பிருச்சு, மாப்பிள்ளை மோட்டாரைக் கட்டி வெக்கணும், இங்க இருக்குறவனுங்க கை சரியில்ல. உங்க ஆளு அந்தச் சிங்காரத்தை ஒரு நடை அனுப்பி வைங்க'ன்னாரு. நான் அப்பவும் சொல்லல. 'நானே கூட்டிக்கிட்டு வரேன்'னேன். பொண்ணைப் பாத்த மாதிரியும் இருக்கும்னு.

அவன்கிட்ட எப்படிக் கேக்குறது? கரையில ரெண்டு நாளு சுத்திச் சுத்தி வந்தேன். கடைசியில, 'அபி வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வரணும், அந்த மோட்டாரு...'ன்னு இழுத்தேன். 'எப்ப?'ன்னு மட்டும் கேட்டான்.

இன்னைக்கு காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான் பாருங்க. அவன்கிட்ட நல்ல வேட்டி இருக்கு தம்பி. அபி கல்யாணத்துக்குன்னு எடுத்து, சாம்பார் வாளி தூக்குறதுக்கு முன்னாடி அவுத்து மடிச்சு வெச்சுட்டானே, அந்த வேட்டி. சட்டை இருக்கு. அதெல்லாம் விட்டுட்டு, சாயம் போன கைலி, காலர் கிழிஞ்ச சட்டை. நான் ஒண்ணும் சொல்லாமலே அவனா அப்படி வந்து நிக்கிறான். 'ஏன்டா இப்படி வந்திருக்க?'ன்னு கேக்க வாய் வந்துச்சு. கேட்டா அவன் பதில் சொல்லிருவானேன்னு பயந்து கேக்கல.

பஸ்ஸுல அவன் ஏறி சன்னலோரம் உக்காந்து பக்கத்துல எடம் விட்டான். நான் வந்து இங்க உக்காந்துக்கிட்டேன். பின்னாடி காத்து நல்லா வரும்னுதான். இல்ல, பொய் எதுக்கு உங்ககிட்ட? சம்மந்தி ஊர்க்காரங்க யாராச்சும் ஏறுவாங்க. ரெண்டு பேரும் ஒட்டி உக்காந்திருக்குறதைப் பாத்தா என்ன நெனைப்பாங்கன்னு தோணுச்சு. டிக்கெட் எடுக்குறப்ப அவன் திரும்பி என்னைத் தேடுனான். நான் இருக்குற எடத்தைப் பாத்தான். அப்புறம் கேனைத் தூக்கிப் பக்கத்து எடத்துல வெக்கப் போயி, வெக்காம காலுக்கு நடுவுல வெச்சுக்கிட்டான். இப்பவும் அந்த எடம் காலியாத்தான் இருக்கு.

இன்னைக்குச் சொல்லிரலாம்னுதான் கெளம்புனேன். நெசமா. சொல்றதுக்கு எல்லாம் தயாரா வெச்சிருக்கேன். 'சம்மந்தி, இவன் எனக்கு ஆளு இல்ல, என் சினேகிதன். மூணுல ஒண்ணு இவனுது, ஒண்ணு வேறொருத்தனுது. என்னோடது ஒண்ணுதான், அதை உங்களுக்குக் குடுத்துட்டேன். இப்ப நான் இவன்கூடத்தான் பொழைக்கிறேன்.' அவ்வளவுதான். நல்லாருக்கா? தரங்கம்பாடி தாண்டுனதுலேருந்து மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வரேன். அபிக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு ஒரு பயம். உங்கப்பன் ஏமாத்திட்டான்னு அங்க யாராச்சும் அதை ஒரு வார்த்தை சொல்லிட்டா? ஆனா அந்தப் புள்ளை போன மாசம் போன்ல என்ன சொல்லுச்சு தெரியுமா? 'நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமாப்பா?'ன்னுச்சு. நான் சிக்னல் சரியில்லன்னு வெச்சுட்டேன்.

என்ன சொல்றீங்க? மொதல்ல அவன்கிட்ட போய்ச் சொல்லவா? எங்க, இப்பவா? இந்த பஸ்ஸுலயா? அஞ்சு சீட்டுதான், தெரியுது. எந்திரிச்சுப் போயி என்னன்னு ஆரம்பிக்கிறது? அவன் என்னை எதுவுமே கூப்புடறதில்லன்னு சொன்னேன்ல. நானும் அவனை எதுவும் கூப்புடாமத்தான் இருக்கேன், இப்பதான் எனக்கே தெரியுது.

கைகாட்டி வந்துருச்சு. விசில் குடுத்துட்டாரு பாருங்க. அதோ, டீக்கடைப் பக்கம், வண்டியோட நிக்கிறாரே வெள்ளை வேட்டி, அவருதான் சம்மந்தி. என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு. பின்னாடி ஒருத்தர்தான் உக்காரலாம்.

சிங்காரம் முன்வழியா எறங்கிட்டான். கும்புடு போடுறான். அவரு தலையை ஆட்டிட்டு ஊர்ப் பக்கம் கையைக் காட்டுறாரு. நடக்க ஆரம்பிச்சுட்டான், கேனைத் தோள்ல வெச்சுக்கிட்டு. ரெண்டு கிலோமீட்டர் இருக்கும் தம்பி, இந்த வெயில்ல.

இப்ப நான் எறங்கி, 'நீங்க போங்க சம்மந்தி, நான் அவன்கூட நடந்து வரேன்'னு சொல்லணும். மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இது ஒண்ணு சொன்னாப் போதும்.

ஏறிக்குவேன் தம்பி. அவரு 'ஏறுங்க'ன்னதும் நான் வண்டியில ஏறிக்குவேன். அவனைத் தாண்டிப் போறப்ப இந்தப் பக்கமா வயலைப் பாத்துக்குவேன். எனக்கே தெரியுது.

காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்க, எறங்கணும்.